படச்சுருளுக்கு மீளல்: மலையகப் புகைப்படங்கள் பற்றிய ஒரு நோக்கு

கைவிடப்பட்ட ஒரு கருவி மீண்டும் கைக்கொள்ளப்படும்போது, அதன் பழைய பழக்கங்களும் உடன்மீள்கின்றனவா என்னும் வினா எழுவது இயல்பு. படச்சுருளிற் படம்பிடிக்கும் முறை இன்று அவ்வினாவை எழுப்பியுள்ளது. எண்மக் கமெராவும் கைத்தொலைபேசியும் பரவியதோடு ஒழிந்துபோனதெனக் கருதப்பட்ட பிலிம் மீண்டும் சந்தைக்கு வருகிறது. பல ஆண்டுகள் அதனை விட்டு விலகியிருந்தோரும், அதனை முன்னர்க் கையாண்டறியாத இளைஞரும் பழைய கமெராக்களைத் தேடிப் பெறுகின்றனர். இம்மீட்சியைப் போற்றியும் நகைத்தும் எழுதப்பட்டவை பல. ஆயின் அவை பெரும்பாலும் மேலைநாட்டு நகர வாழ்வை மனத்திற்கொண்டு எழுந்தவை. ஒரு தேயிலைத் தோட்டத்தின் முன் அவ்வாதங்கள் நிற்குமா என்பது தனியே ஆராயற்பாலது.

நானுஓயாவைச் சூழ்ந்த தேயிலை மலைகள் இலங்கையில் மிக அதிகமாகப் படம்பிடிக்கப்பட்ட இடங்களுட் சேர்ந்தவை. அம்மலைகளில் உழைத்த மக்களோ தம்மைப் பற்றிய படங்களைத் தம் கையில் வைத்திருக்கும் வாய்ப்பை மிக அரிதாகவே பெற்றனர். அவர்கள் எவ்வாறு படத்திற் பதிவாயினர், அப்பதிவின் உரிமை யாரிடம் இருந்தது, இன்றைய மீட்சி அந்நிலையை மாற்றவல்லதா என்பனவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் குறிக்கோளாகும்.

1. மீட்சியும் அதன் நியாயங்களும்

1935இல் அறிமுகமான கொடாகுரோம் வர்ணச்சுருளின் உற்பத்தி 2009இல் நிறுத்தப்பட்டது. அதனைக் கழுவிவந்த கடைசி ஆய்வுகூடமும் 2010ஆம் ஆண்டின் முடிவோடு அப்பணியைக் கைவிட்டது. 2012 ஜனவரியில் கொடாக் நிறுவனமே வங்குரோத்துச் சட்டத்தின் பாதுகாப்பை நாடியது. பிலிமின் கதை அத்துடன் முடிந்ததென்றே பலரும் எண்ணினர். ஆயினும் 2012இல் நிறுத்தப்படுவதாக அறிவிக்கப்பட்ட எக்டாகுரோம் 2018இல் மீண்டும் வந்தது. பூஜி நிறுவனம் 2018இல் கைவிட்ட கறுப்பு வெள்ளைச் சுருளொன்றின் புதிய வடிவத்தை 2019இல் வெளியிட்டது. 2024இல் பென்டாக்ஸ் நிறுவனம் புதிய பிலிம் கமெரா ஒன்றையே விற்பனைக்குக் கொண்டுவந்தது.

மீள்வோர் கூறும் நியாயங்கள் மூவகைப்படும். முதலாவது, நிதானம் பற்றியது. முப்பத்தாறு படங்களே கொண்ட சுருள் எடுப்போனைச் சிந்திக்கவைக்கின்றது; கணக்கின்றி எடுத்துக் கழிக்கும் எண்ம முறையில் இல்லாத பொறுமையும், எதிரே நிற்போர்மீதான மதிப்பும் இதனாற் கைகூடுகின்றன என்பர். இரண்டாவது, தோற்றம் பற்றியது. வெள்ளி உப்பின் மணிகளால் உருவாகும் படத்தின் தொனி வேறு, மின்னணுப் புள்ளிகளால் உருவாகும் படத்தின் தொனி வேறு என்பர். மூன்றாவது, பொருள்நிலை பற்றியது. பிலிம் கையாற் பற்றக்கூடிய ஒரு பொருளை, அதாவது நெகட்டிவை, விட்டுச்செல்கின்றது.

இவற்றுள் முதலாவதே பெரிதும் வலியுறுத்தப்படுவது; மூன்றாவதோ போகிற போக்கிற் சொல்லிவிடப்படுவது. மலையகத்தின் புகைப்பட வரலாற்றைப் பின்னோக்கிப் பார்ப்போர் இவ்வரிசையைத் தலைகீழாக்க வேண்டியவராவர். மெதுவாகப் படம்பிடிப்போன் தன்முன் நிற்போரை மதிப்பான் என்னும் நம்பிக்கையை அவ்வரலாறு தாங்கவில்லை. நெகட்டிவ் யாரிடம் இருந்தது என்பதே அங்கு முதன்மையான வினாவாக அமைகின்றது.

2. மெதுவான கமெராவும் பெயரற்ற மாந்தரும்

நிதானமே மதிப்பைத் தருமெனின், புகைப்படக்கலையின் தொடக்ககாலமே மனித மதிப்பின் பொற்காலமாய் இருந்திருத்தல் வேண்டும். கண்ணாடித் தகட்டில் இரசாயனக் கரைசலைப் பூசி, அது காயுமுன் படமெடுத்து, அக்கணமே கழுவவேண்டிய முறையினும் மெதுவான முறை வேறு யாது?

அம்முறையின் தலைசிறந்த கலைஞருள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரன் தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளை இலங்கையிற் கழித்தவர். 1815இற் கல்கத்தாவிற் பிறந்த அவருக்கு 1863இன் இறுதியில், நாற்பத்தெட்டாம் வயதில், முதற் கமெரா பரிசாகக் கிடைத்தது. அடுத்து வந்த சில ஆண்டுகளில் அவரெடுத்த முகப்படங்கள் ஆங்கிலக் கலையுலகில் நிலையான இடம்பெற்றன. கவிஞர் டெனிசன், அறிஞர் டார்வின், வானியலாளர் ஹேர்ஷல் முதலியோர் அவரது தகடுகளில் நெடுநேரம் அசையாதிருந்து படமாயினர். நெகட்டிவ், பொசிட்டிவ் என்னும் சொற்களைப் புகைப்படத்துறைக்கு வழங்கியவர் இந்த ஹேர்ஷலே என்பது குறிப்பிடத்தக்கது.

1875இற் கமரன் தம் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். கணவரான சார்ள்ஸ் ஹே கமரன், 1830களின் தொடக்கத்தில் இந்நாட்டின் நிருவாக அமைப்பை ஆராய்ந்த கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவின் உறுப்பினர்; இங்கு தோட்டங்களை உடையவர். 1869இல் தோன்றிய இலைநோயினாற் கோப்பிப் பயிர் நலிந்துகொண்டிருந்த காலம் அது. இங்கிலாந்திற் பன்னிரண்டு ஆண்டுகளாக ஓயாது இயங்கிய கமெரா இங்கு ஓய்ந்தே கிடந்தது எனலாம்; இலங்கையில் அவரெடுத்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. ஆயினும் அவர் கலையை முற்றாகக் கைவிடவில்லை. களுத்துறையில் வாழ்ந்த கிராமத்தவரையும் தோட்டத் தொழிலாளரையும் தம் கமெராவின் முன் நிறுத்தினார். 1877இல் அங்கு வந்த ஓவியர் மரியான் நோர்த்தையும் படமாக்கினார். 1879இல் திக்கோயாப் பகுதியில் இறந்த அவர், பொகவந்தலாவையிலுள்ள தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

களுத்துறைக் கிராமத்தவர் குழுவொன்றைக் காட்டும் அவரது படம் கூர்ந்து நோக்கற்பாலது. முதியவர் ஒருவரும் இளம்பெண்ணொருத்தியும் அதில் இடம்பெறுகின்றனர். படத்தின் அட்டையிற் கமரன் எழுதிய குறிப்புப் பெண்ணின் வயது பன்னிரண்டு எனவும், முதியவர் தம்மை அவளது தந்தையென்றும் நூறு வயதினர் என்றும் கூறுவதாகவும் தெரிவிக்கின்றது. படம்பிடித்தவர் அவர்களோடு உரையாடியிருக்கிறார், வயதை வினவியிருக்கிறார், உறவை வினவியிருக்கிறார். பெயரோ அங்கில்லை. டெனிசனுக்கும் டார்வினுக்கும் பெயருண்டு. இவர்களுக்கு வயதும் வகையுமே உண்டு.

கமரனின் கலைத்திறனைக் குறைத்து மதிப்பிடுவதற்காக இது சொல்லப்படவில்லை. ஒளியை அவர் கையாண்ட விதத்தில், அம்மாந்தரின் முகங்களில் ஒரு கண்ணியம் பதிந்திருப்பதை மறுத்தல் இயலாது. ஆயின் முகத்துக்குக் கண்ணியம் அளித்த அதே நிதானம் அம்முகத்துக்கு உரியவரின் பெயரை எழுதுமாறு தூண்டவில்லை. நிதானம் ஓர் உருவப் பண்பு. மதிப்பு உறவின் பண்பு. துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே நிலவிய உறவு எத்தகையதோ அத்தகையதே கமெராவின் பார்வையுமாயிற்று.

3. புகையிரதமும் சுருட்பிலிமும்

நானுஓயாவுக்குப் புகையிரதம் வந்த ஆண்டு 1885. சுருட்பிலிமைக் கொண்ட கொடாக் கமெரா சந்தைக்கு வந்த ஆண்டு 1888. மலையகத்தைப் பொறுத்தவரை இவ்விரண்டையும் சேர்த்தே நோக்கவேண்டும். புகையிரதம் தேயிலையைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கியது. திரும்பும்போது நுவரெலியாவின் குளிரை நாடிய பயணியரை ஏற்றிவந்தது. அப்பயணியருக்கு வேண்டிய படங்களைக் கொழும்பு, கண்டி நகர்களின் ஐரோப்பியப் படப்பிடிப்பு நிலையங்கள் வழங்கின. ஸ்கீன், ஸ்கோவன், பின்னர் 1890இல் தொடங்கிய பிளாட்டே ஆகிய நிலையங்களின் படங்கள் அஞ்சலட்டைகளாகவும் தொகுதிகளாகவும் உலகெங்கும் சென்றன.

அக்கால அஞ்சலட்டைகளின் தலைப்புகளே அவற்றின் நோக்கைத் தெளிவாக்குகின்றன. ‘தமிழ்க் கூலிகள்’, ‘தேயிலை கொய்தல்’ என்றவாறு அவை அமைந்தன. கூடை சுமந்த பெண் ஒரு தொழிலின் அடையாளமாக நிற்கிறாள். ஒரு குடும்பத்தின் உறுப்பினராக அல்லள். பெரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்தப்பட்ட கூட்டம் உழைப்பின் அளவைக் காட்டுகின்றது, உழைத்தோரைக் காட்டவில்லை. லயத்து அறையின் உட்புறமோ, பிள்ளைக் காம்பராவோ, மழையில் நனைந்த படங்கோடு திரும்பும் மாலைப்பொழுதோ அஞ்சலட்டைக்கு உரிய பொருளாக அமையவில்லை. தேயிலையை வாங்குவோனுக்கு அவை வேண்டியிருக்கவில்லை.

இந்நூற்றாண்டுக்கு முந்திய இலங்கைப் புகைப்படக்கலையின் ஒப்பற்ற ஆளுமையெனப் போற்றப்படும் லயனல் வென்ட் (1900-1944) இந்தக் காலனித்துவ மரபை உடைத்தவர் என்பது உண்மையே. ஆயின் அவரது கலையின் மையத்திலும் தோட்ட வாழ்வு இடம்பெறவில்லை. அவர் வர்ணனைக்குரல் வழங்கிய, பசில் ரைட் இயக்கிய ‘இலங்கையின் பாடல்’ என்னும் ஆவணப்படம் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. 1934இல் வெளிவந்த அப்படம் இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபைக்காக எடுக்கப்பட்டது. நான்கு பகுதிகள் கொண்ட அப்படத்தில், வணிகத்தின் குரல்களைப் பற்றிய மூன்றாம் பகுதியிலேயே தேயிலை இடம்பெறுகின்றது. ஏனைய பகுதிகள் பௌத்த வழிபாட்டையும் சிங்களக் கிராம வாழ்வையும் அழகுறக் காட்டுவன. தேயிலைப் பணத்தில் உருவான படத்திலே தேயிலையை உருவாக்கிய மக்கள் ஓரத்தில் நிற்பது தற்செயலெனக் கொள்ளற்கில்லை.

வென்டின் நெகட்டிவ்கள் அவரது மறைவின்பின் அழிக்கப்பட்டன. எஞ்சிய அச்சுப்படங்களும் 1950இல் வெளிவந்த நூலுமே அவரது புகழைக் காத்தன. கொழும்பின் வசதிபடைத்த வட்டத்தைச் சேர்ந்த பெருங்கலைஞர் ஒருவரின் நெகட்டிவ்களுக்கே அந்நிலை நேர்ந்ததெனின், நானுஓயாவிலோ தலவாக்கலையிலோ இருந்த ஒரு சிறு ஸ்டூடியோவின் நெகட்டிவ்களுக்கு நேரக்கூடியதை ஊகிப்பது கடினமன்று.

4. அடையாளம் வேண்டிய அரசு

கமெரா தோட்டத் தொழிலாளியைத் தனியொருவராக, பெயரோடு சேர்த்துப் பதியத் தொடங்கியதில் அரசின் பங்கு பெரிது. 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பான்மையோரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கிட்டது. 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென அது தீர்மானித்தது. எஞ்சிய 150,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இப்பேரெண்களின் பின்னால் விண்ணப்பங்கள் இருந்தன, கடவுச்சீட்டுகள் இருந்தன, அவற்றில் ஒட்டுவதற்குப் படங்கள் வேண்டியிருந்தன. 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டைக்கும் படம் வேண்டியிருந்தது.

இவ்வாறு, தோட்டத்து முதியோர் பலரின் எஞ்சியுள்ள ஒரே படம் அடையாளப் படமாகவே அமைந்தது. அது நேர்நோக்கியது, சிரிப்பற்றது, பின்னணியற்றது. அஞ்சலட்டையில் மலையுண்டு, பெயரில்லை. அடையாளப் படத்திற் பெயருண்டு, மலையில்லை. ஒன்று தேயிலையின் சந்தைக்காக எடுக்கப்பட்டது. மற்றையது அரசின் கணக்குக்காக எடுக்கப்பட்டது. இரண்டிலும் நிற்பவரின் விருப்பம் பொருட்படுத்தப்படவில்லை.

தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியோருட் பலர் நீலகிரியிற் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் அங்கு தேயிலைத் திட்டமொன்றைத் தொடங்கியது. அதே நீலகிரியில், உதகமண்டலத்தில், இந்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கியிருந்தது. ‘இந்து’ என்னும் பெயரில் வந்த கறுப்பு வெள்ளைச் சுருளும், மருத்துவமனைகளுக்கான எக்ஸ்ரே பிலிமும் அங்கு உருவாயின. குளிர்ந்த தூய காற்று பிலிம் ஆலைக்கும் வேண்டும். குளிர்ந்த மலைச்சரிவு தேயிலைக்கும் வேண்டும். ஒரு படத்தோடும் ஒரு பெட்டியோடும் கடல்கடந்தவர் மீண்டும் கொழுந்துக் கூடையைச் சுமந்த மலைத்தொடரிலேயே தமிழ்நாட்டின் பிலிம் ஆலையும் இயங்கியது. அவ்வாலை 1996இல் நலிவுற்ற நிறுவனமென அறிவிக்கப்பட்டு, பின்னர் மூடப்பட்டும் விட்டது. கொடாக்கின் சுருள்கள் மீண்டன, ‘இந்து’ மீளவில்லை.

இவ்வேறுபாடு சிந்திக்கத்தக்கது. நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு 1903இல் அமைந்த சிறுபாதைப் புகையிரதமும் 1940களிற் கைவிடப்பட்டபின் மீளவில்லை. கைவிடப்பட்டவை யாவும் மீள்வதில்லை. மீட்டெடுக்க விரும்புவோரிடம் பணமும் ஓய்வும் இருப்பின் மட்டுமே அவை மீள்கின்றன. பிலிமின் மீட்சியும் அவ்வாறு பொருளாதார அடிப்படை உடையதே. தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபாவாகவும், நெடும் போராட்டத்தின்பின் 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது. இறக்குமதியாகும் ஒரு வர்ணச்சுருளின் விலையை அத்தொகை எட்டாது.

5. மூடுபனியில் ஒரு முகம்

இதுகாறும் கூறியவற்றைக் கொண்டு, பிலிமுக்கு மீள்வது வெறும் ஆடம்பரமென முடிவுகட்டுதல் எளிது. ஆயின் அது முழுமையான விமரிசனமாகாது. உருவத்தை உள்ளடக்கத்தின் வெறும் ஏவலாளாகக் கொள்வோர் செய்யும் பிழையே அதுவுமாகும். ஒவ்வோர் ஊடகமும் சில வாய்ப்புகளைத் தன்னுள் வைத்திருக்கின்றது. பிலிமினுள் மலையகத்துக்கு உரிய வாய்ப்புகள் எவை என்பதையும் நோக்குதல் வேண்டும்.

நானுஓயாவின் ஒளி தனித்தன்மையது. மூடுபனி கவிந்த வேளையில் வானமும் மலையும் ஒரே வெண்மையாகின்றன. கமெராவின் ஒளிமானி தான் காண்பதனைத்தையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கொண்டே கணக்கிடுவது. எனவே வெண்பனியை அளந்த மானி ஒளியைக் குறைக்குமாறு கூறும். அதற்குப் பணிந்தால், பனி அழகாகப் பதியும். கூடையோடு நிற்கும் பெண்ணின் முகம் இருண்டு கறுத்த உருவமாகிவிடும். சுற்றுலா விளம்பரங்களில் தேயிலைத் தொழிலாளரின் முகங்கள் பெரும்பாலும் நிழலாயிருப்பதில் இக்கணக்குக்கும் பங்குண்டு. வர்ணச்சுருளின் நிறச் சமநிலையை அமைக்க ஆய்வுகூடங்கள் நெடுங்காலம் பயன்படுத்திய ‘ஷேர்லி அட்டை’ என்னும் மாதிரிப் படத்தில் வெள்ளைநிறப் பெண்ணொருத்தியின் முகமே இருந்தது என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணல் வேண்டும். கருவி எவரையும் வெறுப்பதில்லை. ஆனால் எதனைச் சராசரியாகக் கொள்வதென்பது முன்னரே தீர்மானிக்கப்பட்டிருக்கின்றது.

முகத்துக்கு அருகிற்சென்று முகத்தின் ஒளியையே அளந்து படமெடுப்பின் நிலைமை மாறும். அப்போது பனியின் வெண்மை மிகுதியாகப் பதியும். எண்மக் கமெராவில் அம்மிகை வெறும் வெள்ளையாய்ச் சிதைந்துவிடுதல் கூடும். நெகட்டிவ் பிலிமோ மிகையொளியைப் பெருமளவு தாங்கவல்லது. முகத்தின் நுண்மையும் பனியின் சாயலும் ஒருங்கே அச்சிற் கிடைத்தல் இயலும். இஃது ஊடகம் தரும் ஒரு வாய்ப்பு. ஆயின் அதனைப் பயன்கொள்ள, படமெடுப்போன் காட்சியை அன்றி முகத்தைத் தேர்ந்துகொள்ளல் வேண்டும். அதற்கு முகத்தின் அருகே செல்லவேண்டும். அருகே செல்வதற்கு அனுமதி கேட்கவேண்டும். பிலிமின் உண்மையான நிதானம் இங்குதான் தொடங்குகின்றது. அது சுருளின் முப்பத்தாறு என்னும் எண்ணிக்கையிலிருந்து பிறப்பதன்று.

கறுப்பு வெள்ளைச் சுருளைக் கழுவும் கரைசலுக்கு 20 பாகை வெப்பநிலை போதுமானது. கொழும்பில் நீரைக் குளிரவைத்தல் வேண்டும். நானுஓயாவில் சற்றே சூடாக்கினாற் போதும். ஒளிபுகாத பையொன்றும் சிறு தொட்டியொன்றும் இரு கரைசல்களும் இருப்பின் லயத்து அறையொன்றிலும் அதனைச் செய்து முடிக்கலாம். எனவே விலை உயர்ந்ததாயினும், முற்றாக நகரத்துக்கும் செல்வருக்கும் உரிய கலையாக இது இருக்கவேண்டிய கட்டாயமில்லை.

6. நெகட்டிவ் யாரிடம்?

இங்கு ஓர் எதிர்வாதத்துக்கு விடையளித்தல் கடமை. லயத்து இளைஞர் கைகளில் இன்று கைத்தொலைபேசி உண்டு. திருமணம், திருவிழா, வேலைநிறுத்தம், மண்சரிவு யாவற்றையும் அவர்களே படமாக்குகின்றனர். துரையின் கமெராவும் அரசின் கமெராவும் ஆண்ட நிலத்தில், இம்மக்கள் தம்மைத் தாமே பரவலாகப் படம்பிடிக்கும் காலம் இதுவே. இத்தருணத்திற் பிலிமைப் பேசுவது பிற்போக்கன்றோ எனக் கேட்கலாம்.

கேள்வி நியாயமானது. கைத்தொலைபேசி தந்த சனநாயகத்தைக் குறைத்துரைத்தல் தகாது. ஆயின் எடுத்தல் வேறு, காத்தல் வேறு. தொலைபேசி பழுதடையும்போது அதனுள் இருந்த ஆயிரம் படங்களும் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன. எடுக்கும் உரிமையைப் பெற்ற சமூகம் காக்கும் வசதியை இன்னும் பெறவில்லை. மலையகத்தைப் பொறுத்தவரை காத்தல் என்பது உணர்ச்சிபூர்வமான விருப்பம் மாத்திரமன்று. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் மலையகத்திலும் வீடுகளையும் கடைகளையும் எரித்தன. 2025 நவம்பரில் ‘டிட்வா’ புயலோடு வந்த மண்சரிவுகள் மலைநாட்டைத் தாக்கின. இருநூறு ஆண்டுகளாக இந்நாட்டில் வாழ்ந்தும், இங்கு வாழ்ந்தமைக்கான சான்றைக் காட்டுமாறு கேட்கப்பட்ட மக்கள் இவர்கள். அத்தகையோர்க்குப் படம் ஓர் அலங்காரப் பொருளன்று, அது சான்று.

சிறுநகர் ஸ்டூடியோக்களின் நெகட்டிவ்கள் இக்காரணத்தாலேயே முக்கியத்துவம் பெறுகின்றன. தீபாவளிக்குப் புத்தாடை உடுத்தி, மலையிறங்கி நகருக்கு வந்து, தீட்டிய திரைச்சீலையின்முன் குடும்பமாக நின்றோர் எவருடைய கட்டளைக்கும் நிற்கவில்லை. எவ்வாறு தோன்றவேண்டும் என்பதை அவர்களே தீர்மானித்தனர். அஞ்சலட்டையும் அடையாள அட்டையும் தராத படம் அது. ஆயின் அச்சுப்படமே அவர்களிடம் சென்றது. நெகட்டிவ் ஸ்டூடியோவிலேயே தங்கியது. இலக்கமிட்ட உறைகளில் அடுக்கப்பட்ட அச்சுருள்களுக்கு, கடையை மூடும் உரிமையாளரன்றி வேறு காவலர் இல்லை. மலைநாட்டின் ஈரலிப்பிற் பிலிமின்மீது பூஞ்சணம் படரும். அசிற்றேற்று அடிப்படை கொண்ட பழைய சுருள்கள் புளித்த வாடை வீசிச் சுருங்கும். முறையாகக் கழுவிக் காக்கப்பட்ட கறுப்பு வெள்ளை நெகட்டிவோ நூறாண்டுக்கு மேலும் நிலைக்கும். வேறுபாடு பொருளில் இல்லை, பேணுவோரில் உள்ளது.

தமிழ்நாட்டில் இத்தகைய பணியொன்று நடந்திருக்கிறது. பிரித்தானிய நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர் தமிழ்ப் படப்பிடிப்பு நிலையங்களின் பழைய படங்களைத் தேடி எண்மப் பதிவாக்கினர். இலங்கையில் நூலக நிறுவனம் அச்சு நூல்களோடு பிற ஆவணங்களையும் சேகரித்துவருகின்றது. கம்பளைக்கு அருகே நியூ பீகொக் தோட்டத்தில் 2007இல் அமைந்த தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் வாழ்க்கைப் பொருள்களைப் பேணுகின்றது. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டங்கள்தோறும் வழங்கிய வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்தபோது, பாடியோரின் குரல் காற்றோடு போகாமற் காக்கப்பட்டது. நெகட்டிவ்கள் அத்தகைய ஒரு தொகுப்பாளரை இன்னும் வேண்டிநிற்கின்றன.

எனவே பிலிமுக்கு மீள்வோரின் படைப்புகளை மதிப்பிடும் விமரிசனம், மணிகளின் அழகையும் நிறத்தின் மென்மையையும் அளப்பதோடு அமையாது, சில எளிய வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். படத்தில் நிற்பவரின் பெயர் எழுதப்பட்டுள்ளதா? ஒளி பனிக்காக அளக்கப்பட்டதா, முகத்துக்காக அளக்கப்பட்டதா? அச்சுப்படம் அம்மலைக்குத் திரும்பிச் சென்றதா? நெகட்டிவ் யாரிடம் உள்ளது? இவ்வினாக்களுக்கு விடையின்றி நானுஓயாப் புகையிரத நிலையத்திற் சுருளொன்றை ஏற்றிச் சுழற்றுவது, விலையுயர்ந்த முறையில் அஞ்சலட்டையை மீண்டும் எடுப்பதேயாகும். விடையோடு எடுப்பின், அது மலையகத்திற் புதியதொரு தொடக்கமாகும். மீட்சியெனும் சொல் அதற்குப் பொருந்தாது.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்கும் இதிற் பங்குண்டு. அவற்றின் உறுப்பினர் பலர் இம்மலைகளிலிருந்தே வருகின்றனர். விடுமுறைக்கு வீடு திரும்பும் மாணவர் ஒவ்வொருவரும் தம் நகரின் பழைய ஸ்டூடியோ ஒன்றின் கதவைத் தட்டி, எஞ்சியுள்ள உறைகளை எண்ணி, படத்திலிருப்போரின் பெயர்களை அவ்வூர் முதியோரிடம் கேட்டெழுதுவாராயின், சில ஆண்டுகளில் ஒரு பட்டியலேனும் உருவாகும். பெயர் கூறக்கூடிய முதியோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். நெகட்டிவ் நூறாண்டு காத்திருக்கும். அதிலுள்ள முகத்தை இன்னாரென்று அறிந்தவர் காத்திருத்தல் இயலாது.